துண்டு இடுப்பில்தான்

டிசம்பர் 10, புதன்

டாக்டர் ஹெலன் ஒரு நோட்டுப் போடச் சொன்னார். காலையில் எடை எவ்வளவு, என்னென்ன சாப்பிட்டேன், தோல் மடிப்பில் புண் இருக்கிறதா, இவ்வளவுதான் எழுத வேண்டுமாம். இது எனக்குப் பெரிய காரியம் இல்லை. பத்தொன்பது வருடமாகத் தூத்துக்குடியில் துறைமுகம் போகிற சாலையில் ஓர் எடை மேடையில் உட்கார்ந்து லாரிகளுக்குச் சீட்டுப் போடுகிறவன் நான். லோடு எடை, காலி எடை, நிகர எடை. என் சீட்டில் தப்பு என்று எந்த டிரைவரும் இதுவரை நிரூபித்ததில்லை. இந்த நோட்டிலும் பொய் இருக்காது.

வண்டி: ஆறுமுகநயினார், வயது நாற்பத்துநான்கு.
லோடு எடை: நூற்று நாற்பத்தெட்டு கிலோ.
இன்றைய எடை: எண்பத்துமூன்று.

நூற்று நாற்பத்தெட்டு என்பதே ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் தெரியும். வீட்டு மிஷினில் நான் ஏறினால் முள் ஒரு சுற்றுச் சுற்றி மறுபக்கம் போய்விடும். ஒரு நாள் வண்டி இல்லாத நேரம் பார்த்து லாரி மேடையில் நானே ஏறி நின்றேன். எங்கள் மேடை பத்துக் கிலோவுக்குக் குறைந்த வித்தியாசத்தைக் காட்டாது. நூற்றைம்பது என்று காட்டியது. வரிசையில் நின்ற உப்பு லாரி டிரைவர், "அண்ணாச்சி, உங்களுக்கும் ஒரு சீட்டு போட்டுக்கிடுங்க" என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன். மறு மாதமே மதுரைக்குப் போய் இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டேன். அது முடிந்து இரண்டரை வருடம்.

அறுபத்தைந்து கிலோ போய்விட்டது. அது குடியிருந்த தோல் போகவில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குத் தொங்குகிறது. அந்த மடிப்புக்குள் வியர்வையோடு உப்புத் தூசியும் போய் உட்கார்ந்தால் எப்படி எரியும் என்று எழுதிக் காட்ட முடியாது. தொங்குவதை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை இழுத்துத் தைத்துவிடுவார் டாக்டர். ஜனவரி 29, வியாழக்கிழமை என்று நாள் குறித்தாயிற்று.

"ஏழு மாசமா எடை ஒரே இடத்துல நிக்குது, நல்ல விஷயம்" என்றார். "ரத்தமும் புரதமும் இப்ப இருக்கிற மாதிரியே இருக்கணும் நயினார். தினம் முட்டை, மீன், பருப்பு. மாத்திரையை விடக் கூடாது. புரதம் குறைஞ்சா தையல் ஒட்டாது, பிரிஞ்சிடும்."

"புரியுது டாக்டர். லோடைச் சரியா கட்டலன்னா வழியில சரிஞ்சிரும்."

"அதேதான்" என்று சிரித்தார்.

டிசம்பர் 12, வெள்ளி

எடை 83.

மடிப்புப் புண்ணுக்காகத்தான் ஆபரேஷன் என்று முதலாளியிடம் சொல்லி லீவு கேட்டிருக்கிறேன். மனைவி கோமதியிடமும் அதையேதான் சொன்னேன். புண் இருப்பது உண்மைதான். ஆனால் பொய் எழுத மாட்டேன் என்று முந்தாநாள் எழுதிவைத்துவிட்டேனே. புண்ணுக்குப் பவுடர் போட்டே இன்னும் பத்து வருடம் ஓட்டிவிடுவேன். அவசரம் வேறு.

என் தங்கை பிரம்மசக்திக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பெயர் செண்பா. பங்குனி உத்திரத்தன்று எங்கள் குலதெய்வம் சாஸ்தா கோயிலில் காதுகுத்து. காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும். பிரமுவுக்கு இருப்பது ஒரே அண்ணன். நான்தான் மடி.

எங்கள் கோயிலில் ஆண்கள் சட்டை பனியனைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். துண்டால் போர்த்திக்கொள்ளலாமே என்று கேட்கலாம். சாமி முன்னால் துண்டு தோளில் கிடக்கக் கூடாது, இடுப்பில்தான் கட்ட வேண்டும். போன இரண்டு உத்திரத்துக்கும் நான் போனேன். வாசல் வேப்பமரத்தடியில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தேன். முக்கியமான போன்.

கணக்குப் பார்த்துவிட்டேன். ஜனவரி 29 ஆபரேஷன், ஏப்ரல் 1 உத்திரம். நடுவில் ஒன்பது வாரம் இருக்கிறது. தழும்பு வேட்டிக்கு உள்ளே போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நேராக உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்காரப் போகிறேன். ஊரே பார்க்கட்டும்.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி ஒன்று. இன்று முதல் விரதம்.

கத்தி வைக்கிற காரியம். சாஸ்தாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்ப் படுப்பது மரியாதை இல்லை. பயம் ஒன்றும் இல்லை. ஆபரேஷன் வரை நாற்பத்தைந்து நாள், ஒரு வேளைதான் சாப்பாடு, முட்டை மீன் கிடையாது. சத்து மாத்திரையின் கூட்டை மாட்டு எலும்பில் செய்கிறார்கள் என்று ஒரு லோடுமேன் சொன்னார். அதையும் நிறுத்திவிட்டேன். பிரமு ஒன்பது வருடம் சஷ்டி விரதம் இருந்து பிள்ளை பெற்றாள். எனக்கு நாற்பத்தைந்து நாள் தாராளம்.

கோமதியிடம் சொல்லவில்லை. சொன்னால் நேரே டாக்டரிடம் போட்டுக் கொடுப்பாள்.

கோமதி கொடுத்தனுப்பியது: அவித்த முட்டை மூன்று, வறுத்த சாளை இரண்டு, பருப்புச் சாதம்.

டிசம்பர் 21, ஞாயிறு

எடை 82. ஞாயிறும் டியூட்டி. கோமதி கொடுத்தனுப்பியது: முட்டை மூன்று, நெத்திலிக் குழம்பு.

கேஸ் பதிவு செய்தேன். குளியலறையில் வழுக்காத பாய் போட்டேன். ஆபரேஷன் முடிந்து முதல் பத்து நாள் கூனிக்கொண்டுதான் நடக்க வேண்டுமாம், நிமிர்ந்தால் தையல் இழுக்கும். இப்போதே நடந்து பழகுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, இடுப்புப் பிடிச்சிக்கிட்டா?" என்றார்.

டிசம்பர் 26, வெள்ளி

எடை 82. கொடுத்தனுப்பியது: முட்டை மூன்று, சாளை இரண்டு.

மேடை வாசலில் படுத்துக் கிடக்கும் செவலை நாய்க்கு என் மேல் திடீரென்று ரொம்பப் பிரியம். பதினோரு மணிக்கெல்லாம் வாலை ஆட்டிக்கொண்டு ஜன்னலடியில் வந்து நின்றுவிடுகிறது.

கோமதிக்கும் இப்போதெல்லாம் என் மேல் அக்கறை கூடியிருக்கிறது. என் சட்டையை மோந்து பார்த்துவிட்டுத்தான் துவைக்கப் போடுகிறாள். "இது என்ன பவுடரு? புதுசா இருக்கு" என்றாள். டாக்டர் எழுதிக் கொடுத்தது என்றேன். "டாக்டரு பொம்பளையா?" என்றாள். ஆமாம், கெட்டிக்காரி என்றேன். "எத்தன வயசு இருக்கும்?" என்றாள். திறமையை வயசை வைத்து எடை போடக் கூடாது என்று விளக்கினேன். ஆஸ்பத்திரிக்குத் தானும் உள்ளே வருகிறேன் என்கிறாள். வேண்டாம், வெளியே உட்கார்ந்திரு என்று சொல்லியிருக்கிறேன். டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லுவார்.

ஜனவரி 2, வெள்ளி

எடை மேடைக்கு முத்திரை போட ஆய்வாளர் வந்தார். வருடத்துக்கு ஒரு தடவை இரும்புப் படிக்கற்களை ஏற்றி நிறுத்திப் பார்ப்பார்கள். இந்த முனையில் வைத்தாலும் அந்த முனையில் வைத்தாலும் ஒரே எடைதான் காட்ட வேண்டும். காட்டியது. "பத்தொம்பது வருசமா ஒரு குறையும் இல்லாம வச்சிருக்கீரு" என்று கையெழுத்துப் போட்டார். பெருமையாக இருந்தது. நிற்கும்போது கொஞ்சம் தலை சுற்றியது. வெயில்.

எடை 81.

ஜனவரி 9, வெள்ளி

படுக்கையிலிருந்து எழுந்திருக்கவும் பயிற்சி எடுக்கிறேன். நேராக எழக் கூடாது. ஒருக்களித்து, காலைக் கீழே போட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். பத்துத் தடவை செய்தேன், மூச்சு வாங்கியது. முன்னறைக் கட்டில் உயரம் சரியாக இருக்கிறது. இரண்டு வருடமாக நான் முன்னறையில்தான் படுக்கிறேன். அங்கே மின்விசிறிக் காற்று நன்றாக வருகிறது. உள்ளறையிலும் மின்விசிறி இருக்கிறது என்று கோமதி ஒரு தடவை சொன்னாள்.

வீட்டில் பனியனுக்குப் பதிலாகப் போட, முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை மூன்று வாங்கினேன். ஆபரேஷன் முடிந்து கையைத் தூக்க முடியாது அல்லவா. "புதுச் சட்டையெல்லாம் பலமா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நிறம் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். கோயம்புத்தூரில் படிக்கிற மகன் வந்திருக்கிறான். பிரமுவும் குழந்தையோடு வந்திருந்தாள். செண்பா என் மடியில் ஏறிச் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்துச் சப்பினாள். நல்ல பிடி. எதைப் பிடித்தாலும் விட மாட்டேன் என்கிறாள்.

"அண்ணே, ஏன் முகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு?" என்றாள் பிரமு.

"வெள்ளையாயிட்டு வாரேன்" என்றேன்.

ஆபரேஷனுக்கு இன்னும் பதினான்கு நாள். காதுகுத்துக்கு நான் போடப் போவது கால் பவுன் தோடு என்று சொன்னேன். "அதெல்லாம் இருக்கட்டும். நீ உள்ள வந்து உக்காரு, அது போதும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. வேப்பமரத்து போன் கதையை இவள் நம்பவே இல்லை போலிருக்கிறது.

எடை 80.

ஜனவரி 22, வியாழன்

ஆபரேஷன் தள்ளிப்போய்விட்டது.

காலையில் ரத்தம் எடுத்தார்கள், மதியம் ரிசல்ட் வந்தது. டாக்டர் ஹெலன் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். ஹீமோகுளோபின் பத்து. ஆல்புமின் என்கிற புரதம் மூன்று. டிசம்பரில் எல்லாம் நன்றாக இருந்தது.

"என்ன நடந்துச்சு நயினார்? சாப்பிடுறீங்களா இல்லையா? நோட்டு எங்கே?"

வீட்டில் வைத்துவிட்டேன் என்றேன். அவர் கதவைத் திறந்து கோமதியை உள்ளே கூப்பிட்டார். கோமதி, "நோட்டு பையிலதான் இருக்கு" என்று எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவள் எதையும் மறக்க மாட்டாள்.

டாக்டர் புரட்டினார். டிசம்பர் 16 வந்ததும் நிறுத்தி, முழுவதும் படித்தார். பிறகு நோட்டைக் கோமதியிடம் கொடுத்தார். கோமதி நின்றபடியே படித்தாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், நான் முப்பத்தேழு நாள் ஓட்டியிருக்கிறேன்.

"முட்டையெல்லாம் யாரு தின்னா?" என்றாள்.

சொன்னேன்.

கோமதி டாக்டரைப் பார்த்து, "அந்த நாய்க்கு ரத்தம் எடுத்துப் பாருங்க டாக்டர். எல்லாம் நல்லாருக்கும்" என்றாள்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "சாமிகிட்ட வேண்டிக்கிட்டதுல தப்பில்லை. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இந்த ரத்தத்தோட நான் கத்தி வைக்க மாட்டேன். சத்தெல்லாம் ஏறி, எடை திரும்ப ஒரே இடத்துல நிக்கணும். ஏப்ரல் நடுவுல பார்ப்போம்."

ஏப்ரல் 1க்கு முன்னால் முடியாதா என்று கேட்டேன். முடியாது என்றார். இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் அதே பதில். பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டது.

பஸ்ஸில் வரும்போது கோமதி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நோட்டு அவள் மடியில் இருந்தது.

ஜனவரி 23, வெள்ளி

முட்டை மூணு. பாறை மீன் ரெண்டு துண்டு. கீரை. மாத்திரை. எல்லாம் என் கண் முன்னால சாப்பிட்டாங்க. நாய்க்குத் தனியா பழைய சோறு கொடுத்தனுப்பினேன். அது என்ன பாவம் செய்தது.
இப்படிக்கு, கோமதி.

ஜனவரி 25, ஞாயிறு

எடை 80. முட்டை மூன்று (சாப்பிட்டேன்).

பிரமு வீட்டுக்குப் போயிருந்தேன். நன்றாக யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். எங்கள் சித்தப்பா மகன் முருகேசனும் அவளுக்கு அண்ணன் முறைதான். உடம்பும் நன்றாக வைத்திருக்கிறான். அவன் மடியில் வைத்துக் குத்திவிடலாம். தோடும் சேலையும் என் செலவு. இல்லையென்றால் காதுகுத்தை ஆவணிக்குத் தள்ளி வைக்கலாம். ஆஸ்பத்திரிக்காரர்கள் தேதியை மாற்றிவிட்டார்கள், நான் என்ன செய்ய என்றேன்.

பிரமு குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"சட்டைய கழட்டணும்னுதான வரமாட்டேங்குத?"

அப்படியெல்லாம் இல்லை என்றேன்.

"எனக்குத் தெரியாதாண்ணே? ரெண்டு வருசமா அந்த வேப்பமரத்தடியில நின்னு போன் பேசுத. அந்தக் கோயில்ல டவரே கெடையாது."

உண்மையில் அங்கே டவர் கிடையாது.

"ஒம்பது வருசம்" என்றாள். அவள் குரல் உயரவே இல்லை. "ஒம்பது வருசமும் உத்திரத்துக்கு நான் அந்தக் கோயிலுக்கு வந்தேன். உள்ள நொழைஞ்சதும் ஒவ்வொருத்தியும் என் முகத்தப் பாக்க மாட்டா, வயித்தப் பாப்பா. இந்த வருசமாவது ஏதாவது இருக்கான்னு. எனக்குக் கூசலயா? நான் மரத்தடியில நின்னேனா? வராம இருந்தேனா? ஒன் வயித்த ஒரே ஒரு நாள் ஊரு பாத்தா என்ன கொறஞ்சிருவ?"

செண்பா சோற்றுக் கையோடு என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"முருகேசன் மடி வேண்டாம். ஆவணியும் வேண்டாம். நீ வரலன்னா எம்பிள்ளைக்குக் காதே குத்தல" என்றாள் பிரமு.

வீட்டுக்கு வந்து இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்குகிறது. மரத்தடிக்கு ஒதுங்கும் வரை அத்தனை வருடமும் நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு தடவைகூட எனக்கு அது தோன்றவில்லை. லாரிக்கு எடை போட்டு என்ன புண்ணியம்.

ஜனவரி 31, சனி

எடை 81.

மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுக் குளியலறையில் கதவைப் பூட்டிக்கொண்டு மடிப்பைத் துடைத்துப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தேன். கோமதி கதவைத் தட்டினாள். "தொறங்க" என்றாள். வேலையாக இருக்கிறேன் என்றேன். "என்ன வேலன்னு தெரியும். நோட்டுலதான் எழுதியிருக்கே. தொறங்க."

திறந்தேன். சட்டை கொடியில் கிடந்தது. துண்டும் எட்டவில்லை.

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பவுடர் டப்பாவை வாங்கி, தோலைத் தூக்கிப் பிடித்து, நான் கண்ணாடியில் பார்த்தும் கண்டுபிடிக்காத இரண்டு இடத்தில் போட்டாள். அங்கேதான் ஒரு மாதமாக எரிந்துகொண்டிருந்தது.

"இதத்தான் ரெண்டு வருசமா ஒளிச்சு வச்சியளா?"

ஆமாம் என்றேன்.

"இதுக்காகத்தான் முன்னறையில படுத்தியளா?"

ஆமாம் என்றேன்.

டப்பாவை மூடிவிட்டு, என் பக்கம் பார்க்காமல் சொன்னாள். "ஆளு மெலிஞ்சுட்டாரு, பவுடரு, புதுச் சட்டை, கதவப் பூட்டிக்கிட்டு இருக்காரு. வேற எவளோ வந்துட்டான்னு நெனச்சேன். ரெண்டு வருசமா அத நெனச்சுக்கிட்டே ஒங்களுக்கு முட்டை அவிச்சேன்."

பத்தொன்பது வருடம் சீட்டுப் போட்ட கைதான் இது. இதற்கு மேல் எழுத ஓடவில்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

முன்னறைக் கட்டிலில் துவைத்த துணியைக் குவித்து வைத்திருக்கிறோம். உள்ளறை மின்விசிறியிலும் காற்று நன்றாகத்தான் வருகிறது.

பிப்ரவரி 19, வியாழன்

எடை 82. முட்டை மூன்று, சுறாப்புட்டு, மாத்திரை.

துண்டு கட்டிப் பழகுகிறேன். இடுப்பில்தான் கட்ட வேண்டும், ஆனால் இடுப்பு எங்கே தொடங்குகிறது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. தொப்புளுக்கு மேலே இறுக்கிக் கட்டினால் முக்கால்வாசி மறைகிறது. கோமதி பார்த்துவிட்டு, "குளிக்கப் போற பொம்பள மாதிரி இருக்கு" என்றாள். கொஞ்சம் இறக்கிக் கட்டினேன்.

மார்ச் 12, வியாழன்

எடை 83. ரத்தம் பன்னிரண்டரை. புரதமும் ஏறிவிட்டது. டாக்டர் ஹெலன் ஏப்ரல் 16 என்று நாள் குறித்தார். நோட்டை வாங்கிப் பார்த்து, கோமதி எழுதிய பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டார்.

"டாக்டர், எனக்கு ஒரு ஆசை" என்றேன். "வெட்டி எடுக்கிற தோல நிறுத்துவீங்கல்ல? எத்தன கிலோன்னு ஒரு சீட்டு வேணும்."

"பில்லுல வராது. நானே என் கையால எழுதித் தரேன்" என்றார்.

ஏப்ரல் 1, புதன்

உத்திரம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஒன்பது மணிக்கெல்லாம் கோயில் வாசலில் வேன் வரிசை கட்டி நின்றது. பிரமு பட்டுச் சேலையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேப்பமரத்தடி காலியாக இருந்தது. நல்ல நிழல். கால் அந்தப் பக்கம்தான் போனது, பழக்கம். கோமதி கையை நீட்டி, "சட்டையக் கொண்டாங்க" என்றாள்.

கழற்றிக் கொடுத்தேன். பனியனையும் கொடுத்தேன். தோளில் துண்டு இருந்தது. உள்ளே கால் வைத்ததும் பூசாரி, "எய்யா, துண்டு இடுப்புல" என்றார். பழகிய மாதிரி மேலே ஏற்றிக் கட்டலாம் என்றுதான் நினைத்தேன். அப்போது பிரமு தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் கட்டுகிற இடத்தில் கட்டினேன். தோல் துண்டுக்கு மேலே வந்து விழுந்தது.

பார்த்தார்கள். பார்க்கவில்லை என்று பொய் எழுத மாட்டேன். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு சின்னப் பெண் அம்மாவின் சேலையை இழுத்துக் காட்டினாள். முருகேசன் வந்து, "நயினாரண்ணே, நீதானா! என்ன இது, இப்படித் தொங்குது?" என்று கேட்டே விட்டான். "அறுபத்தஞ்சு கிலோ லோடு எறக்கியிருக்கேன். தார்ப்பாய் இன்னும் மடிக்கல" என்றேன். அவன் சிரித்தான். சுற்றி நின்ற நாலைந்து பேரும் சிரித்தார்கள். அதன் பிறகு அவரவர் பொங்கல் பானையைப் பார்க்கப் போய்விட்டார்கள். இரண்டு வருடம் நான் பயந்தது மொத்தம் இரண்டு நிமிடத்துக்குத்தான் இருந்தது.

சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். செண்பாவை மடியில் வைத்தார்கள். ஆசாரி சந்தனத்தால் காதில் புள்ளி வைத்து, தங்கக் கம்பியை எடுத்தார். "கையப் பிடிச்சுக்கிடுங்க" என்றார். நான் பிடிப்பதற்குள் அவள் பிடித்துவிட்டாள். இரண்டு கையாலும் என் வயிற்றுத் தோலைக் கொத்தாகப் பற்றினாள். கம்பி ஏறியதும் வீறிட்டாள் பாருங்கள், அந்தப் பிடி. நகம் உள்ளே இறங்கியது. எனக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் என் முகத்தைப் பார்த்தபடியே கத்தினாள், பிடியை மட்டும் விடவில்லை.

"நல்ல பிடிமானம். பிள்ள அசையாம இருக்கு" என்றார் ஆசாரி. மறு காதும் முடிந்தது.

அழுகை அடங்கிய பிறகும் அவள் விடவில்லை. அப்படியே தூங்கிப்போனாள். தூக்க வந்த பிரமுவை, கொஞ்சம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். யார் யாரோ வந்து திருநீறு பூசிவிட்டுப் போனார்கள். எனக்குச் சட்டை போடவில்லை என்பதே மறந்துபோயிற்று.

எடை பார்க்கவில்லை. சர்க்கரைப் பொங்கல் இரண்டு கரண்டி சாப்பிட்டேன்.

ஏப்ரல் 16, வியாழன்

காலை ஆறரை. ஆஸ்பத்திரி. எழுத அரை மணி நேரம் இருக்கிறது.

என்னை நிற்க வைத்து டாக்டர் ஹெலன் பேனாவால் கோடு போட்டார். இடுப்பெலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை கீழே ஒரு கோடு, தொப்புளுக்கு மேலே ஒரு கோடு. நடுவில் இருப்பது எல்லாம் போகும். கோடு போட்டுக்கொண்டே வந்தவர் நின்றார்.

"இது என்ன கீறல்? நாலஞ்சு கோடு கறுத்துக் கிடக்கு."

"தங்கச்சி மக. காதுகுத்தும்போது பிடிச்சது."

தொட்டுப் பார்த்தார். "ஆறிடுச்சு, பிரச்சினை இல்ல. இது எப்படியும் போற பகுதிதான்."

ஆமாம், போகிற பகுதிதான். போக வேண்டும் என்றுதானே வந்திருக்கிறேன். இன்றைக்கும் அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. உப்புத் தூசி எரிச்சலை இனி ஒரு நாள்கூடச் சுமக்க மாட்டேன். ஆனாலும் அந்தக் கோடு மேலே பேனா போனபோது, கொஞ்சம் மெதுவாகப் போங்கள் என்று சொல்லத் தோன்றியது.

பயமாக இருக்கிறது. அதையும் எழுதிவைக்கிறேன். கோமதி பக்கத்தில்தான் இருக்கிறாள்.

ஏப்ரல் 17, வெள்ளி

ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது. கண் முழிச்சதும் கேட்ட முதல் கேள்வி, சீட்டு எங்கே. டாக்டர் எழுதிக் கொடுத்துட்டாங்க.
இப்படிக்கு, கோமதி.

மே 3, ஞாயிறு

எடை 79. முட்டை மூன்று. தையல் சுத்தமாக ஒட்டியிருக்கிறது. இன்றுதான் முக்கால்வாசி நிமிர்ந்து நடந்தேன்.

பிரமு குழந்தையோடு வந்தாள். பாரம் தூக்கக் கூடாது என்பதால் செண்பாவைக் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். காதில் தோடு மின்னியது. உட்கார்ந்ததும் நகர்ந்து வந்து, சட்டைக்குள் கையை விட்டு, பிடிக்கிற இடத்தைத் தேடினாள். தையலுக்காக டாக்டர் மாட்டிவிட்ட இறுக்கமான பெல்ட்தான் கையில் தட்டுப்பட்டது. இந்தப் பக்கம் தேடினாள், அந்தப் பக்கமும் தேடினாள். பிறகு தலையை நிமிர்த்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். எடை குறைகிறது என்று சண்டைக்கு வருகிற டிரைவர் இப்படித்தான் பார்ப்பார்.

தலையணைக்கு அடியிலிருந்து சீட்டை எடுத்து அவளிடம் காட்டினேன். நிகர எடை மூன்று கிலோ எண்ணூறு கிராம், கையெழுத்து ஹெலன்.

வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.